நானூற்றுப் பதினேழாம் கோப்பை

கோப்பைகளுக்குப் பெயர் கிடையாது எங்களிடம்.
மூன்று இலக்கம் மட்டும்.
ரொசாரியோவில், பரானா நதிக்குப் புறங்காட்டி நிற்கும்
இனிப்புத்துளித் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில்
ஊற்றி அடுக்குவது என் வேலை,
உறிஞ்சித் துப்புவது அவர்கள் வேலை.
எட்டுத் தடுப்பறைகள். சிவப்பு விளக்கு,
நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாறாதிருக்க.

எட்டுப் பேரில் நோயெலியா பெர்த்தோனி
சாக்கரினைத் துளியின் நிழலிலேயே பிடித்துவிடுவாள்.
அஸ்பார்டேம் தாமதமாக வரும் விருந்தாளி என்பாள்,
வந்தால் கிளம்பாது.
ஸ்டீவியா, அதிமதுரம் மென்றுவிட்டு
இல்லை என்று சாதிக்கும் பையன்.
சர்க்கரை ஒன்றுதான்
வந்த வேலையை முடித்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகும்.

டிசம்பர் வெக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை
417இல் ‘உலோகம்’ என்று எழுதினாள். பத்துக்கு எட்டு.
மறுநாள் 862இல். உலோகம்.
பழைய சாவியைச் சப்பியது மாதிரி, என்று ஓரத்தில் குறிப்பு.
மற்ற ஏழு பேரும் பூஜ்யம் போட்டிருந்தார்கள்.
அவர்கள் சரி.
இரண்டிலும் இருந்தது வெறும் தண்ணீர்.

கணக்குப் பார்க்கும் இர்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.
மூன்று பெற்றவள்.
நோயெலியாவின் தட்டிலிருந்த கோப்பைகளை
ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தாள்.
எத்தனை வாரம், என்றாள் தொட்டியைப் பார்த்தபடி.
நோயெலியாவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

விலகி நிற்கும் எண்ணை நீக்கலாம், விதி இருக்கிறது.
நீக்கினால் காரணம் எழுத வேண்டும், அதற்கொரு கட்டமும் இருக்கிறது.
நான் எழுதினேன்:
ஒரு நாற்காலியில் இருவர்.

வாயால் பிழைத்தவள் வாயும் வயிறுமானாள்.
மாடியிலிருந்து இறக்கி
லேபிள் சரிபார்க்க உட்காரவைத்தார்கள்.
அங்கேயும் அதே பெயர்கள், பொடி எழுத்தில்.

இருபத்தாறாம் வாரம் மருத்துவமனையில்
குளுக்கோஸ் கரைசல். எலுமிச்சை வாசனை.
குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அசையக் கூடாது.
சீட்டின் பின்புறம், பழக்கதோஷம்,
மதிப்பெண் போட்டிருக்கிறாள்:
முன்னினிப்பு பத்து. பின்கசப்பு பூஜ்யம்.
முரட்டுத்தனம். ஆனால் நேர்மை.
நாக்கு திரும்பி வந்துவிட்டது.
ரத்தம்தான் தேறவில்லை.

பிறகு பட்டியல்.
அல்ஃபாஹோர் போயிற்று.
பாலைச் சுண்டக் காய்ச்சி
மாமியார் ஞாயிறுதோறும் கரண்டியோடு நீட்டும் துல்சே தெ லெச்சே,
அதுவும்.
வெள்ளை ரொட்டி பாதி. ஆரஞ்சு ஒன்று, பிழியாமல், சுளையாக.
இனிப்புத்துளி?
சாக்கரின் வேண்டாம், சைக்ளமேட் வேண்டாம்,
மற்றவை அளவோடு, என்றார் மருத்துவர்.
அளவு என்றால்?
யோசித்தார்.
பதினோரு வருடம் துளியைப் பத்தாகப் பகுத்துச் சொன்னவளிடம்
‘குறைவாக’ என்றார்.

லெயாந்த்ரோ, பயந்த ஜென்மம்,
கம்பெனி கொடுத்த புத்தாண்டுப் பெட்டியை
அப்படியே குப்பைக்காரரிடம் தூக்கிக் கொடுத்தான்.
ஒரு கரண்டியில் என்ன வந்துவிடும் என்றாள் அவன் அம்மா.
ஒரு துளியில் என்ன வந்துவிடும் என்றார்கள் கீழ்மாடியில்.
அவள் வாய்க்கு ஊரே காவல்.

ஜூன் மாதக் குளிரில், ஆற்றங்கரையில், மதிய இடைவேளை.
மேலங்கியின் கடைசி மூன்று பொத்தான்கள் சேரவில்லை அவளுக்கு.
மாத்தே குடுவை கைமாறி வந்தது.
வழக்கம்போல் இரண்டு துளி விடப் போனேன்,
குடுவையின் வாயைப் பொத்தினாள்.
ஒரே உறிஞ்சு. கசப்பாகவே.
நான் தின்பதன் ருசி பனிக்குடத்து நீரில் ஏறுமாம், என்றாள்.
உள்ளே ஒருத்தன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
தாளும் பென்சிலும் இல்லாமல்.

பிறகு கேட்டாள்: அந்த 417இல் என்ன?

சொல்லக் கூடாது.
வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
தண்ணீர், என்றேன்.

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.
சோயா ஏற்றிய கப்பலொன்று
அவசரமின்றிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.
மேலங்கியின் திறந்த இடத்தில்
ஒரு முண்டு எழும்பி அமர்ந்தது.
மறுக்கிறான், என்றாள்.